இரயில் நிலையமும் சைக்கிள் ஸ்டாண்டும்

காலை ஏழு மணி. ஈரோட்டிற்கும் கோவைக்கும் இடையிலுள்ள சிறிய இரயில் நிலையங்களுள் ஒன்று. பாசஞ்சர் வண்டி வர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. பனியன் கம்பெனிக்குச் செல்வோரும், கோவையில் படிக்கும் மாணவர்களும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து சைக்கிளில் வந்து சேர்கிறார்கள். கைப்பிடியில் தூக்குப்போசி தொங்குகிறது, கேரியரில் புத்தகப்பை. ஸ்டாண்டின் முன்வரிசை முழுவதையும் மோட்டார் சைக்கிள்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. "சைக்கிளுங்களா? இடமில்லீங்க. வெளியே எங்கியாவது ஓரமா வச்சுப் பூட்டிட்டுப் போங்க" என்கிறார் சீட்டுக் கொடுப்பவர். வந்தவர் ஒரு கணம் தயங்குகிறார். வேப்பமரத்தடியில் பூட்டி வைத்துவிட்டு நாள் முழுவதும் அதே நினைவாக இருப்பதா? அல்லது நாளை முதல் இரயிலை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் போவதா?

இந்தத் தயக்கம் மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஓர் இரயில் நிலையம் எத்தனை ஊர்களுக்குப் பயன்படுகிறது என்பதே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அது எவ்வாறு என்பதையும், இருக்கும் இடத்திலேயே கூடுதலான சைக்கிள்களை எவ்வாறு நிறுத்தலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆறு கிலோமீட்டர் தொலைவில் ஓர் இரயில்

வண்டி ஏறும் இடம் வரை போய்ச் சேருவது எப்படி என்பது கோவைக்குப் புதிய கேள்வி அன்று. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூருக்குச் சென்ற இருப்புப்பாதை 1862-ஆம் ஆண்டில் போத்தனூர் வழியாக அமைந்தது. கோயம்புத்தூர் நகரம் அப்பாதையில் இல்லை. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப்பாதை 1873-இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கோவை மக்களுக்கு இரயில் என்பது ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவில் இருந்தது. வண்டி மாடு உள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள், இல்லாதவர்கள் நடந்தார்கள்.

நகரத்தின் நடுவில் இரயில் வந்துவிட்டதால் அந்தச் சிக்கல் கோவைக்குத் தீர்ந்தது. சிற்றூர்களுக்குத் தீரவில்லை. இரயில் நிலையப் பெயர்களைக் கவனியுங்கள். சில பெயர்களின் இறுதியில் 'ரோடு' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். சூலூர் ரோடு என்பது நம் பகுதியிலேயே உள்ள எடுத்துக்காட்டு. அந்த ஊருக்குப் போகும் சாலை இங்கே இருக்கிறது, ஊர் இங்கே இல்லை என்பதே அதன் பொருள். இருப்புப்பாதை போட்டவர்கள் நேர்க்கோட்டையும் நிலமட்டத்தையும் பார்த்தார்கள். ஊர் சற்றுத் தள்ளி நின்றுவிட்டது. வஞ்சிபாளையம், சோமனூர், ஊத்துக்குளி, விஜயமங்கலம் முதலிய நிலையங்களைச் சுற்றி எத்தனை சிற்றூர்கள் இவ்வாறு இரண்டு, மூன்று, ஐந்து கிலோமீட்டர் தொலைவில் நிற்கின்றன என்பதை அப்பகுதி வாசகர்கள் நன்கு அறிவார்கள்.

வட்டத்தின் கணக்கு

வீட்டிலிருந்து நிலையத்திற்கு வர ஒருவர் 12 நிமிடம் செலவிடத் தயாராக இருக்கிறார் என்று கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் அவர் கடக்கும் தொலைவு 1 கி.மீ. சைக்கிளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வந்தால் அதே 12 நிமிடத்தில் 3 கி.மீ. கடந்துவிடலாம். வேகம் மூன்று மடங்கு. தொலைவும் மூன்று மடங்கு.

இனி, நிலையத்தை மையமாக வைத்து இரு வட்டங்கள் வரையுங்கள். நடப்பவரின் வட்டத்திற்கு ஆரம் 1 கி.மீ.; பரப்பு ஏறத்தாழ 3.1 சதுர கி.மீ. சைக்கிள்காரரின் வட்டத்திற்கு ஆரம் 3 கி.மீ.; பரப்பு ஏறத்தாழ 28 சதுர கி.மீ. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், மூன்று மடங்கு வேகம் ஒன்பது மடங்கு நிலப்பரப்பாக மாறிவிடுகிறது! பத்தாம் வகுப்பு மாணவர் அறிந்த சூத்திரந்தான் இது. ஆயினும் நிலையங்களைத் திட்டமிடும்போது இது எளிதில் மறந்துபோகிறது.

சாலைகள் நேராக இருப்பதில்லை. தோட்டத்தைச் சுற்றியும் குளத்தைச் சுற்றியும் வளைந்து செல்கின்றன. ஆகவே உண்மையான பரப்பு இதைவிடக் குறையும். ஆனால் நடப்பவருக்கும் அதே வளைவுகள்தாம். எனவே ஒன்பது மடங்கு என்ற விகிதம் பெரிதும் மாறாது. அந்த ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு நிலத்தில் வாழ்பவர்களுக்கு, சைக்கிளை நிறுத்த இடமில்லாத நிலையம் கைக்கெட்டாத நிலையமே.

இன்னொன்றும் உண்டு. பல நிலையங்களில் வாயிலும் ஸ்டாண்டும் தண்டவாளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் அமைந்திருக்கின்றன. மறுபக்கத்திலிருந்து வருபவர் ஒரு சுரங்கப்பாதையையோ கடவுப்பாதையையோ தேடிச் சுற்றி வரவேண்டும். சிலர் பொறுமையிழந்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். இது 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, உயிருக்கு ஆபத்து. மறுபக்கத்தில் ஒரு சிறு ஸ்டாண்டும், அதிலிருந்து நடைமேம்பாலத்திற்கு ஒரு வழியும் இருந்தால் வட்டத்தின் இழந்த பாதி திரும்பக் கிடைத்துவிடும். ஒரே பக்கத்தில் நூறு இடங்களை அமைப்பதைவிட இரு பக்கத்திலும் ஐம்பது ஐம்பதாக அமைப்பது மேல் என்பதற்கு இதுவே காரணம்.

கைப்பிடிதான் இடைஞ்சல்

சரி, இடம் எங்கே என்று கேட்கலாம். இடத்தை வெளியே தேடுமுன் உள்ளே எப்படி வீணாகிறது என்று பார்ப்போம்.

ஒரு சாதாரண சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.9 மீட்டர். அதன் டயரின் அகலம் 4 செ.மீ. அளவுதான். ஆனால் கைப்பிடியின் அகலம் 55 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். சைக்கிள்களை ஒரே மட்டத்தில் வரிசையாக நிறுத்தும்போது ஒன்றன் கைப்பிடி மற்றொன்றன் கைப்பிடியுடன் மோதுகிறது. ஆகையால் ஒவ்வொன்றுக்கும் 60 செ.மீ. தேவைப்படுகிறது. அதற்கும் குறைவாக நெருக்கினால் பிரேக் கம்பிகள் சிக்கிக்கொள்ளும். மாலையில் ஒருவர் தம் சைக்கிளை வெடுக்கென்று இழுக்க, பக்கத்திலுள்ளது சாயும். அது அடுத்ததைத் தள்ளும். கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசை முழுவதும் சரிந்துவிடும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பழைய வகை ஸ்டாண்டு உள்ள சைக்கிள் நிமிர்ந்து நிற்கும். பக்கவாட்டுக் கால் மட்டுமே உள்ள புதிய வகை சைக்கிள்கள் சாய்ந்து நிற்பதால் இன்னும் கூடுதலான இடத்தைப் பிடிக்கின்றன. சரிவதும் அவற்றில்தான் அதிகம்.

கைப்பிடிகள் மோதாமலிருக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒன்று விட்டு ஒன்றாக, சைக்கிள்களின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து 25 அல்லது 30 செ.மீ. உயர்த்திவிட்டால் போதும். ஒரு கைப்பிடி கீழே, அடுத்தது மேலே என்று மாறி மாறி அமைந்துவிடும். அப்போது ஒரு சைக்கிளுக்கும் அடுத்ததற்கும் 40 செ.மீ. இடைவெளியே போதுமானது. நெதர்லாந்து நாட்டில் இவ்வகை நிறுத்தங்களுக்குக் குறைந்தபட்ச இடைவெளி 37.5 செ.மீ. என்று தர அளவே வகுத்திருக்கிறார்கள். ஒரே மட்டத்தில் நிறுத்துவதானால் அவர்கள் கேட்பது 65 செ.மீ.

இதனால் என்ன இலாபம்? 20 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். நடுவே 2 மீட்டர் வழி விட்டு, இருபுறமும் ஒவ்வொரு வரிசை நிறுத்துகிறோம். 60 செ.மீ. கணக்கில் வரிசைக்கு 33 வீதம் மொத்தம் 66 சைக்கிள்கள் நிற்கும். ஏற்ற இறக்க அமைப்பில், 40 செ.மீ. கணக்கில், வரிசைக்கு 50 வீதம் 100 நிற்கும். ஓர் அடி நிலம்கூடக் கூடுதலாக வாங்காமல் 34 பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த அமைப்பிற்கு வேண்டியவை வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்களும், துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகப் பூச்சும் மட்டுமே. பம்பும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்பும் கோவைப் பட்டறைகளுக்கு இது ஒரு வேலையே அன்று!

சைக்கிள்களைச் சாய்கோணத்தில் நிறுத்தினால் இடம் மிச்சமாகும் என்று பலர் கூறுவார்கள். இது பாதி உண்மை. 45 பாகை சாய்த்தால் வரிசையின் ஆழம் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு சைக்கிளும் வரிசையின் நீளத்தில் கூடுதலான பங்கை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடும். மிச்சமாவது நடுவழியின் அகலத்தில்தான். ஆகவே இருப்புப்பாதையை ஒட்டி நீண்டு ஒடுங்கிய நிலம் மட்டுமே கிடைக்கும் இடங்களுக்கு இது பொருந்தும். மற்ற இடங்களுக்கு வேண்டியதில்லை.

மாடி வைத்த ஸ்டாண்டு

தரையில் இடம் தீர்ந்தால் மேலே போகலாம். இரண்டடுக்கு அமைப்பில், மேலடுக்குத் தட்டு ஒரு தண்டவாளம்போல வெளியே இழுபட்டுத் தரைவரை சாய்ந்து வரும். சைக்கிளை அதில் ஏற்றி, கைப்பிடியைப் பிடித்து உயர்த்தி உள்ளே தள்ளிவிட வேண்டும். மேற்கூரை 2.7 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் போதும். நம் கொட்டகையில் இப்போது 200 சைக்கிள்கள்.

அவ்வளவு எடையை எல்லோராலும் தூக்க முடியுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டுப் பழைய வகை சைக்கிளின் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். அதை 1.2 மீட்டர் உயர்த்தச் செய்யவேண்டிய வேலை சுமார் 235 ஜூல். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 20 செ.மீ. உயரமுள்ள இரண்டு படிகள் ஏறும்போது செய்வதும் இதே அளவு வேலைதான். எனவே சிக்கல் ஆற்றலில் இல்லை. கால்கள் எளிதில் செய்யும் வேலையைத் தோள்களும் கைகளும் செய்யவேண்டியிருப்பதில்தான் இருக்கிறது. இதற்காக அத்தட்டுகளில் வாயு அழுத்தத்தால் இயங்கும் ஒரு தாங்குதண்டைப் பொருத்துகிறார்கள். கார்களின் பின்கதவைத் தூக்கி நிறுத்துவது போன்றதே இது. எடையின் பெரும்பகுதியை அது தாங்கிக்கொள்ளும். அப்படியிருந்தும் முதியவர்களுக்கும், சேலை கட்டியவர்களுக்கும், கேரியரில் சுமை வைத்திருப்பவர்களுக்கும் கீழடுக்கை ஒதுக்கிவிடுவதே முறை. மேலடுக்கை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இத்தகைய இரண்டடுக்கு நிறுத்தங்களை மூன்று தளங்களில் அமைத்திருக்கும் ஓர் இடம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர இரயில் நிலையம். 2017-இல் ஒரு பகுதியைத் திறந்து, 2019-இல் முழுவதையும் முடித்தார்கள். அங்கு 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம். சைக்கிளை விட்டு இறங்காமலே உள்ளே ஓட்டிச் செல்லலாம். எந்த வரிசையில் எத்தனை இடம் காலியாக உள்ளது என்பதை மின்பலகை காட்டும். முதல் 24 மணி நேரத்திற்குக் கட்டணம் இல்லை. அந்நாட்டு இரயில் பயணிகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் வீட்டிலிருந்து நிலையத்திற்குச் சைக்கிளிலேயே வருகிறார்கள் என்பதை நினைத்தால் இந்தச் செலவு வியப்பளிக்காது.

ஜப்பானியர் வேறு வழியில் சென்றார்கள். 1970-களில் டோக்கியோ போன்ற நகரங்களின் புறப்பகுதிகள் விரைந்து வளர்ந்தபோது, நிலைய வாயில்களில் சைக்கிள்கள் மலைபோல் குவிந்தன. நடக்கவும் வழியில்லாமற் போயிற்று. புகை, சாக்கடை ஆகியவற்றைப் போல இதையும் ஒரு 'மாசு' என்றே அங்குள்ள மக்கள் பேசத் தொடங்கினார்கள். 1980-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. டோக்கியோவின் கசாய் நிலையத்தில் 2008-இல் திறக்கப்பட்ட நிலத்தடி நிறுத்தத்தில் 36 கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 180 சைக்கிள்களை எந்திரக் கை ஒன்று அடுக்கி வைக்கிறது. சைக்கிளில் ஒட்டிய அடையாளச் சில்லை எந்திரம் படித்துக்கொள்ளும்; அட்டையைக் காட்டினால் அரை நிமிடத்திற்குள் உங்கள் சைக்கிள் வெளியே வந்து நிற்கும். சாதாரண முறையில் நிறுத்துவதையும் சேர்த்து மொத்தம் 9,400 சைக்கிள்களுக்கு அங்கு இடமுண்டு.

படிக்க இனிக்கும் செய்திதான். ஆனால் நிலத்தின் விலை டோக்கியோ அளவிற்கு உயராத நம் நிலையங்களுக்கு எந்திரக் கிணறு தேவையில்லை என்பது என் எண்ணம். மின்சாரம் நின்றால் சைக்கிளும் நின்றுவிடும்! குழாயை வளைத்துச் செய்யும் ஏற்ற இறக்க அமைப்பும், திருப்பூர், ஈரோடு போன்ற பெரிய நிலையங்களில் இரண்டடுக்கு அமைப்பும் நமக்குப் போதும்.

வாயிலில் கழியும் நேரம்

இடத்தைப் பெருக்கிவிட்டு வாயிலை மறந்துவிடக் கூடாது. மாலையில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. 150 பேர் ஒரே நேரத்தில் ஸ்டாண்டை நோக்கி வருகிறார்கள். வாயில் ஒன்று, சீட்டை வாங்கிச் சரிபார்க்க ஒருவருக்கு 10 விநாடி. கடைசி ஆள் வெளியேறும்போது 1,500 விநாடிகள், அதாவது 25 நிமிடங்கள் கழிந்திருக்கும். சைக்கிளில் மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் இங்கே கரைந்துபோகும். வாயிலை இரண்டாக்கினால் பன்னிரண்டரை நிமிடம். மாதச் சீட்டுக்காரர்களுக்கு, சைக்கிளின் மட்கார்டில் எண்ணும் கையில் அதே எண்ணுள்ள அட்டையும் கொடுத்து, பார்த்தவுடன் அனுப்பினால் ஒருவருக்கு 3 விநாடி. இரு வாயில்களில் நான்கு நிமிடத்திற்குள் கூட்டம் கலைந்துவிடும். காலையில் இதே கணக்கைத் தலைகீழாகப் பாருங்கள். வண்டி வரும் ஓசை கேட்ட பிறகு ஸ்டாண்டு வாயிலில் நிற்பவருக்கு ஒவ்வொரு விநாடியும் பெரிது. ஸ்டாண்டு நடைமேடையிலிருந்து நூறு மீட்டருக்குமேல் தள்ளியிருந்தால், எவ்வளவு அழகாகக் கட்டினாலும் பலர் அதைத் தவிர்த்து வேலிக்கம்பியிலேயே பூட்டிவிட்டு ஓடுவார்கள்.

கடைவீதி ஸ்டாண்டுக்கும் நிலைய ஸ்டாண்டுக்கும் மற்றொரு வேற்றுமை உண்டு. கடைவீதியில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். ஓர் இடம் ஒரு நாளில் எட்டுப் பத்துப் பேருக்குப் பயன்படும். நிலையத்தில் காலை ஏழு மணிக்கு வைத்த சைக்கிள் மாலை ஆறு மணி வரை அசையாது. ஓரிடம், ஒரு நாள், ஒருவர். எனவே 300 பேர் வந்தால் 300 இடம் வேண்டியதுதான்.

ஆனால் திருப்பூர் போன்ற ஊரில் இதற்கு ஒரு விலக்கு இருக்கமுடியும். அங்கிருந்து வெளியூர் செல்பவரின் சைக்கிள் பகலில் நிற்கிறது. வெளியூரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வருபவர், நிலையத்திலிருந்து கம்பெனி வரை செல்ல ஒரு பழைய சைக்கிளை அங்கேயே வைத்துக்கொண்டால், அது நிற்பது இரவில். காலையில் ஒருவர் எடுக்க, மற்றொருவர் வைக்க, ஒரே இடம் இருவருக்குப் பயன்படும். இரவுக் காவலும் விளக்கும் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

சொந்தமாக இரண்டாவது சைக்கிள் வைக்க இயலாதவர்களுக்கு வாடகைச் சைக்கிள் உண்டே என்று தோன்றலாம். 2018-இல் 'ஓஃபோ' என்ற சீன நிறுவனம் கோவையில் மஞ்சள் நிற வாடகைச் சைக்கிள்களை இறக்கியது. கைப்பேசியால் பூட்டைத் திறந்து ஓட்டி, விரும்பிய இடத்தில் விட்டுவிடலாம். அந்நிறுவனம் அதே ஆண்டிலேயே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது. அதன் பொருளாதாரக் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். எங்கு வேண்டுமானாலும் விடலாம் என்றால், வேண்டும்போது எங்கும் கிடைக்காமலும் போகலாம் என்பது அம்முறையிலேயே உள்ள குறை. இரயில் பயணிக்கு வேண்டியது, எட்டு மணி வண்டியில் இறங்கினால் வாயிலருகே சைக்கிள் இருக்கும் என்ற உறுதி. நெதர்லாந்தின் நிலைய வாடகைச் சைக்கிள்கள் நிலைத்து நிற்பதற்குக் காரணம், அவை நிலைய ஸ்டாண்டிலேயே தொடங்கி அங்கேயே திரும்பி வருவதுதான்.

ஒப்பந்தக்காரரின் கணக்கு

தொடக்கத்தில் கண்ட அந்த ஸ்டாண்டுக்குத் திரும்புவோம். சைக்கிளுக்கு ஏன் இடமில்லை? சீட்டுக் கொடுப்பவர் மீது குறைகூறிப் பயனில்லை. நிலைய ஸ்டாண்டுகளைப் பெரும்பாலும் ஒப்பந்தப்புள்ளி மூலம் தனியாருக்கு விடுகிறார்கள். ஒப்பந்தக்காரர் ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கட்டவேண்டும். அவர் தம் கணக்கைப் பார்க்கத்தானே செய்வார்?

நம் கொட்டகையிலேயே அக்கணக்கைப் போடுவோம். மோட்டார் சைக்கிளுக்கு 90 செ.மீ. அகலம் என்றால் அதில் 44 நிற்கும். அதற்கு வாங்கும் கட்டணம் சைக்கிளைப்போல் இரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 88 சைக்கிள் கட்டணத்திற்கு இணையான வருவாய். சைக்கிள்களைச் சாதாரணமாக நிறுத்தினால் 66 கட்டணமே வரும். எனவே சைக்கிள் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது. ஆனால் ஏற்ற இறக்க அமைப்பைப் போட்டுவிட்டால் சைக்கிள்களிலிருந்து 100 கட்டணம், கணக்குத் திரும்பிவிடுகிறது! மோட்டார் சைக்கிள் கட்டணம் மூன்று மடங்காக இருந்து 132 கிடைத்தாலும், இரண்டடுக்கு அமைப்பின் 200 அதை மிஞ்சும். சைக்கிளுக்கு இடம் மறுக்கப்படுவது அது ஏழையின் வண்டி என்பதால் மட்டும் அன்று. அதை நாம் ஒழுங்காக அடுக்கத் தவறியதாலும்தான்.

அப்படியானால் ஒப்பந்தக்காரரே ஏன் அந்தக் குழாய்களைப் போடவில்லை? ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கே. குழாய் அமைப்போ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். அடுத்தவர் பயன்பெற இவர் ஏன் செலவு செய்யவேண்டும்? எனவே அமைப்பை இரயில்வேயோ உள்ளாட்சி மன்றமோ போட்டுவிட்டு, நடத்துவதை மட்டும் ஒப்பந்தத்திற்கு விடவேண்டும். சைக்கிள்களுக்கு இத்தனை இடம் குறையாமல் இருக்கவேண்டும் என்ற எண்ணிக்கையும், சைக்கிள் கட்டணத்தின் உச்ச அளவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் முன்னிடம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை ஏற்கெனவே கூறியிருக்கிறது. 2022-இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட அமிர்த பாரத் நிலையத் திட்டத்தில் போத்தனூர், கோவை வடக்கு, திருப்பூர், மேட்டுப்பாளையம் ஆகிய நிலையங்கள் இடம்பெற்றுள்ளன. முகப்பும் வளைவும் கட்டும்போதே ஸ்டாண்டின் வரைபடத்தையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. கட்டி முடித்த பிறகு சைக்கிளுக்கு இடம் தேடுவது கடினம்.

இதனால் பாதிக்கப்படுவோர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழக அரசு 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அதைப் பிற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கியது. பதினோராம் வகுப்பில் சைக்கிள் பெற்ற ஒரு பெண் இரண்டாண்டு அதில் பள்ளி சென்று, பிறகு கோவையிலுள்ள கல்லூரியில் சேர்கிறாள் என்று கொள்வோம். வீட்டிலிருந்து நிலையம் 4 கி.மீ.; காலை ஆறரைக்குப் பேருந்து கிடையாது. சைக்கிளை வைக்கப் பத்திரமான இடமும், திரும்பி வரும்போது வெளிச்சமும் இருந்தால் அவளால் தினமும் போய்வர முடியும். இல்லையென்றால் தந்தையோ அண்ணனோ வேலையை விட்டுவிட்டுக் கொண்டுவந்து விடவேண்டும், எத்தனை நாளைக்கு?

ஒப்பந்தக்காரரே வராத நிலையங்கள்

நாளொன்றுக்கு இருபது முப்பது சைக்கிள்களே வரும் சிறு நிலையங்களில் ஸ்டாண்டு நடத்த யாரும் முன்வரமாட்டார்கள். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் பாதையாயினும், 2017-இல் அகலப்பாதையாகிய பொள்ளாச்சிப் பாதையாயினும், சில வண்டிகள் மட்டுமே நின்று செல்லும் நிலையங்களுக்கு வேறு வழி வேண்டும். தலைகீழான 'ப' வடிவில் வளைத்த குழாய்களைக் காரையில் ஊன்றிவிடலாம். குழாய்க்கு இருபுறமும் ஒவ்வொரு சைக்கிளைச் சாய்த்துப் பூட்டலாம். ஒரு மீட்டருக்கு ஒன்றாகப் பத்துக் குழாய்கள் இருந்தால் இருபது சைக்கிள்கள். காவலரும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். மேலே ஒரு தகரக் கூரையும், நடைமேடையிலிருந்து பார்வை படும் இடமும், ஒரு விளக்கும் போதும். கூரை மழைக்காக மட்டும் அன்று. வெயிலில் நாள்முழுதும் நின்றால் டயர் ரப்பர் வெடிக்கும், சீட்டுத் தோல் பிளக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் சைக்கிளில் பின்சக்கரத்தோடு வரும் வளையப் பூட்டு, சக்கரத்தைத்தான் பூட்டுகிறது, சைக்கிளை அன்று. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போகிறவனை அது தடுக்காது. சைக்கிளின் சட்டத்தைக் குழாயோடு சேர்த்துக் கட்டும் சங்கிலிப் பூட்டு ஒன்று கூடுதலாக வேண்டும். அதற்காகும் சிறு செலவு, காவலருக்காகும் மாதச் செலவோடு ஒப்பிடத் தக்கதன்று.

எத்தனை இடம் தேவை?

எந்த நிலையத்திற்கு எத்தனை இடம் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியதில்லை. மாணவர்கள் இதை ஒரு செய்முறையாகவே செய்து பார்க்கலாம். விடுமுறை இல்லாத ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை, காலை பத்து மணிக்குப் பக்கத்து நிலையத்திற்குச் செல்லுங்கள். காலை வண்டிகள் எல்லாம் போய்விட்ட நேரம் அது. ஸ்டாண்டிலுள்ள சைக்கிள்களை எண்ணுங்கள். பிறகு வெளியே வாருங்கள். வேலியில், மரத்தில், மின்கம்பத்தில், டீக்கடை ஓரத்தில் பூட்டியிருப்பவற்றையும் எண்ணுங்கள். இந்த இரண்டாவது எண்தான் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்காத எண். நிரம்பிய ஸ்டாண்டில் எண்ணினால், எத்தனை இடம் இருக்கிறது என்பது தெரியுமேயன்றி எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்பது தெரியாது.

மறுநாள் காலை நடைமேடையில் நின்று, மோட்டார் சைக்கிளிலோ ஆட்டோவிலோ வந்து இறங்குபவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வீடு எவ்வளவு தொலைவு? வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? ஐந்து கிலோமீட்டருக்குள் வீடும் வீட்டில் சைக்கிளும் உள்ளவர்களின் எண்ணிக்கையைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரு எண்களின் கூட்டுத்தொகை இன்று வேண்டிய இடம். இந்த மூன்றாவது எண்ணில் ஒரு பகுதி, இடம் கிடைத்த பிறகு வரக்கூடியவர்கள். பத்து இடங்களில் ஒன்று எப்போதும் காலியாக இருந்தால்தான் வருபவர் தேடி அலையாமல் நிறுத்திவிட்டு வண்டியைப் பிடிக்க முடியும். எனவே மொத்தத்துடன் ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிடைக்கும் எண்ணை, கையோடு வரைந்த நிலைய வரைபடத்துடன் நிலைய அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம். ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள்.